பட்டம் முடித்தவர்களைச் சொந்தத் தொழிலுக்குத் தயார்படுத்துவது எப்படி? வேலை வழிகாட்டிகளுக்கான முழுமையான கையேடு

தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவர் முன்னால் வழக்கமாக மூன்று வழிகள் வைக்கப்படும். கேம்பஸுக்கு வரும் கம்பெனி, டிஎன்பிஎஸ்சி அல்லது வங்கித் தேர்வு, இரண்டும் இல்லாவிட்டால் எம்.பி.ஏ. சொந்தத் தொழிலுக்கு ஆண்டில் ஒரு நாள் ஒதுக்குவார்கள். சிறப்பு விருந்தினர் வருவார், வேலை தேடாதே வேலை கொடு என்பார், பொன்னாடை போர்த்துவார்கள், சாயங்காலம் எல்லோரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத் தொழில் தொடங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

தொடங்கியவர்களைக் கேட்டால் வேறு காரணங்களைச் சொல்வார்கள். முதல் அடி சின்னதாக இருந்தது. ஆகாமல் போனால் எவ்வளவு போகும் என்று முன்பே தெரிந்திருந்தது. வீட்டில் யாரோ ஒருவர் சரி என்றார். இந்த மூன்றையும் ஏற்படுத்திக் கொடுக்க வழிகாட்டியால் முடியும். பிளேஸ்மென்ட் ஆபீசர், துறைப் பேராசிரியர், முன்னாள் மாணவர் சங்கத்துக்காரர், தனியாகக் கேரியர் கோச்சிங் செய்பவர் என்று இந்த வேலையைக் கையில் எடுக்கும் யாருக்கும் இந்தக் கையேடு பொருந்தும். ஐந்தாம் செமஸ்டரில் ஆரம்பிப்பது நல்லது. படிப்பு முடிந்து ஓராண்டுக்குள் இருப்பவர்களிடமும் ஆரம்பிக்கலாம்.

படி 1: யாரோடு உட்காருவது என்று முடிவு செய்யுங்கள்

மொத்த வகுப்பையும் கூட்டி வைத்துப் பேசுவதில் பயனில்லை. ஒரு பக்கத் தாளில் நான்கு கேள்வி கொடுங்கள்: வீட்டில் என்ன தொழில்? இதுவரை எதையாவது விற்றதுண்டா? படிக்கும்போதே சம்பாதித்ததுண்டா? யார் சொன்னாலும் கேட்காமல் செய்யவேண்டும் என்று தோன்றும் வேலை எது?

பதில்களில் மூன்று வகையினர் தெரிவார்கள். முதலாவது, வீட்டில் ஏற்கெனவே மளிகைக்கடையோ, தறியோ, தென்னந்தோப்போ, பட்டறையோ இருப்பவர்கள். 'நீயாவது ஆபீஸ் வேலைக்குப் போ' என்று சொல்லித்தான் அவர்களைக் கல்லூரிக்கு அனுப்பியிருப்பார்கள். அதனால் தங்களிடம் ஒரு தொழில் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தோன்றாது. என் கணிப்பில் இவர்களிடம்தான் முதலில் நேரம் செலவிட வேண்டும். அப்பாவின் விசைத்தறிக் கணக்கை ஒழுங்குபடுத்தி, நூல் கொடுத்து நெய்து வாங்கும் மாஸ்டர் வீவரிடம் கூலிக்கு ஓட்டுவதிலிருந்து நேரடி ஆர்டருக்கு மாற்றிவிடும் பி.காம். பட்டதாரியும் தொழில்முனைவோர்தான்.

இரண்டாவது, ஒரு யோசனையோடு வருபவர்கள். மூன்றாவது, கேம்பஸில் எதுவும் கிடைக்காததால் தொழில் பக்கம் திரும்புபவர்கள். மூன்றாம் வகையினரிடம் கொஞ்சம் நிதானம் வேண்டும். அவர்களுக்கு முதல் தேவை வருமானமாக இருக்கலாம். அப்படியானால் வேலை தேடித் தருவதுதான் சரியான வழிகாட்டல். கல்லூரியின் 'ஸ்டார்ட்அப் எண்ணிக்கை' கூடவேண்டும் என்பதற்காக அவர்களை இழுத்துவிடாதீர்கள்.

படி 2: முதல் சந்திப்பில் யோசனையைத் தள்ளி வையுங்கள்

மாணவர் வந்து உட்கார்ந்ததும் "சார், ஒரு ஐடியா இருக்கு" என்றுதான் தொடங்குவார். அதைக் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். நல்லது கெட்டது சொல்லாதீர்கள். நீங்கள் தீர்ப்புச் சொன்ன நிமிடத்திலிருந்து அவர் உங்களுக்குப் பிடித்ததைப் பேசத் தொடங்கிவிடுவார்.

வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சாரஸ் சரஸ்வதி, அனுபவம் முதிர்ந்த தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். 2001-இல் வெளியான அவரது கட்டுரை இந்தத் துறையில் பெரிதும் பேசப்பட்டது. அவர்கள் பெரிய இலக்கை வைத்துக்கொண்டு அதற்கான பணத்தைத் தேடி ஓடுவதில்லை, கையில் இருப்பதிலிருந்து தொடங்குகிறார்கள் என்பது அதன் சாரம். நான் யார், எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும். இந்த மூன்றும்தான் முதலீடு.

ஆகவே முதல் சந்திப்பில் மூன்று பட்டியல் எழுத வையுங்கள். மூன்றாவதில் நேரம் எடுங்கள். "யாரையும் தெரியாது சார்" என்பார். சித்தப்பா லாரி ஓட்டுகிறார், பக்கத்து வீட்டு அக்கா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், மாமா ஈரோடு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறார் என்று தோண்டத் தோண்ட வரும். இருபது பேர் எழுதும்வரை விடாதீர்கள். யாருக்கு விற்கப்போகிறோம், யாரிடம் சரக்கு வாங்கப்போகிறோம் என்பது பெரும்பாலும் அந்த இருபது பேருக்குள்ளேயே இருக்கும்.

கோச்சிங்கில் 'க்ரோ' என்று ஒரு முறை உண்டு: இலக்கு, இப்போதைய நிலை, வழிகள், செய்யப்போவது என்ன. பிரிட்டிஷ் பயிற்சியாளர் ஜான் விட்மோர் பரவலாக்கியது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். இருபத்தொரு வயதுப் பட்டதாரியிடம் முதலிலேயே இலக்கைக் கேட்டால் யூடியூபில் பார்த்ததைச் சொல்வார். நான் அந்த வரிசையை மாற்றி, இப்போதைய நிலையிலிருந்து தொடங்கச் சொல்வேன். சந்திப்பு முடியும்போது ஒரு வாரத்துக்குள் செய்யவேண்டிய ஒரே ஒரு காரியத்தை மாணவரே தன் வாயால் சொல்லி எழுத வேண்டும்.

படி 3: எவ்வளவு இழக்கலாம் என்பதை முதலில் எழுதுங்கள்

எவ்வளவு லாபம் வரும் என்ற கேள்விக்கு இந்த நிலையில் யார் சொல்லும் பதிலும் கற்பனைதான். எவ்வளவு போனால் தாங்கும் என்பதற்குப் பதில் உண்டு. பணம், காலம் இரண்டுக்கும் ஒரு கோடு போடுங்கள். உதாரணமாக, 15,000 ரூபாய், ஆறு மாதம். இதில் எது முதலில் தீர்ந்தாலும் உட்கார்ந்து பேசுவோம் என்று தாளில் எழுதி, தேதி போட்டு, இருவரும் ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பத்திரமும் அம்மாவின் நகையும் முதல் ஆண்டில் இந்தக் கணக்குக்குள் வரவே கூடாது.

கல்விக் கடன் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டப்படி, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விலக்கு உண்டு. அந்த ஓராண்டு தொழிலைச் சோதித்துப் பார்க்கக் கிடைத்த அவகாசம் மாதிரி. தவணை தொடங்கியபின் இரண்டு மூன்று மாதம் கட்டாமல் விட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் இறங்கும். பிறகு தொழில் கடனுக்குப் போகும்போது அதே வங்கி மேலாளர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுவார். எனவே தவணை எந்த மாதம் தொடங்குகிறது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

படி 4: வீட்டாரோடு பேசுங்கள்

வெளிநாட்டுப் பயிற்சிக் கையேடுகளில் இந்தப் படி இருக்காது. நம்மூரில் இது இல்லாமல் மற்ற படிகள் நிற்காது. பையனோ பெண்ணோ என்ன முடிவெடுத்தாலும் சாப்பாடு போடுவதும் பஸ்ஸுக்குக் காசு கொடுப்பதும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதும் பெற்றோர்தான்.

கல்லூரிக்கு வரச்சொல்லாமல் முடிந்தால் வீட்டுக்கே போங்கள். அப்பா சுற்றிச் சுற்றிக் கேட்பது மூன்றே கேள்விதான்: "எத்தனை நாளைக்குங்க? எவ்வளவு பணம் ஆகும்? ஆகலைன்னா என்ன பண்றது?" மூன்றுக்கும் பதில் படி 3-இல் எழுதிய தாளில் இருக்கிறது. அதை எடுத்து நீட்டுங்கள். 'உங்க பையன் பெரிய ஆளா வருவானுங்க' என்று நீங்கள் பேசவேண்டிய அவசியமே இல்லை. அப்படிப் பேசினால் அவருக்குச் சந்தேகம்தான் கூடும். ஆறு மாதம் கழித்து எந்தெந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம், எந்தத் தேர்வுக்கு வயது வரம்பு இன்னும் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். திரும்பி வர வழி இருப்பது தெரிந்தால் பெற்றோர் தளர்ந்து கொடுப்பார்கள்.

பெண்களுக்கு இன்னொரு கேள்வி வரும், சில வீடுகளில் வாய்விட்டே வரும்: வரன் பார்க்கும் நேரத்தில் இதெல்லாம் எதற்கு? அதோடு வாதாடி ஜெயிக்க முடியாது. முதலில் அம்மாவிடம் பேசுங்கள். அதே ஊரில், அல்லது பக்கத்து ஊரில் தொழில் நடத்தும் ஒரு பெண்மணியை அழைத்துப் போங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் பேசுவதை அவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். நடைமுறைச் சிக்கல்களையும் முன்பே தீர்த்து வையுங்கள்: வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தனி செல்போன் எண், இருட்டிய பிறகு டெலிவரி இல்லை என்ற விதி, பணம் வரவேண்டியது அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியலாம். தொழில் அண்ணன் கணக்கில் ஓடினால், கடன் கேட்கும் நாளில் அந்தப் பெண்ணுக்குக் காட்ட ஒரு வரவுகூட இருக்காது.

படி 5: மெஷின் வாங்கும் முன் விற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்

மொத்தக் கையேட்டிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

மரச்செக்கு எண்ணெய்த் தொழில் செய்யவேண்டும் என்று ஒரு பட்டதாரி வருகிறார். கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கும் யோசனைதான். கையில் மெஷின் கொட்டேஷனும் இருக்கும். கொட்டேஷனை மடித்து வைக்கச் சொல்லுங்கள். அவர் ஊரைச் சுற்றி, கூலிக்கு ஆட்டித் தரும் செக்கு நிச்சயம் ஒன்று இருக்கும். 50 கிலோ நிலக்கடலைப் பருப்பை வாங்கி, நன்றாகக் காயவைத்து, அங்கே கொடுத்து ஆட்டிவரச் சொல்லுங்கள். விற்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்கக் கூடாது, பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்ட வேண்டும். பதிவை எடுத்துவிட்டு ஆரம்பிக்கட்டும். இதைக் கற்றுக்கொள்வதும் சோதனையின் பகுதிதான்.

இனி கணக்கு. விலைகள் உதாரணத்துக்குத்தான், அன்றைய சந்தை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால் 6,500. ஆட்டுக்கூலி கிலோவுக்கு 10 வீதம் 500. பாட்டில், லேபிள் 300. வண்டி வாடகை 300. மொத்தம் 7,600. லிட்டருக்கு இரண்டரைக் கிலோ பருப்பு என்று வைத்தால் 20 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். 28 கிலோ பிண்ணாக்கைக் கிலோ 40-க்கு மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்தால் 1,120 திரும்பி வரும். அடக்கம் 6,480, அதாவது லிட்டருக்கு 324 ரூபாய். 360-க்கு விற்றால் லிட்டருக்கு 36 நிற்கும்.

இந்த இடத்தில் பேனாவை மாணவரிடம் கொடுத்துவிடுங்கள். மாதம் 20,000 ரூபாய் கையில் நிற்கவேண்டும் என்றால் எத்தனை லிட்டர் விற்க வேண்டும்? 556 லிட்டர். ஒரு வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர் என்றால் சுமார் 185 வீடுகள். வாங்கவேண்டிய பருப்பு கிட்டத்தட்ட 1,400 கிலோ. மெஷின் வாங்கினால் என்ன மிச்சமாகும்? ஆட்டுக்கூலி லிட்டருக்கு 25 ரூபாய், அவ்வளவுதான். 556 லிட்டர் விற்கும்போது அது மாதம் 13,900 ரூபாய். அதிலிருந்து கடன் தவணை, கரண்ட் பில், ஆள் சம்பளம் எல்லாம் போக வேண்டும். 100 லிட்டர் விற்கும்போது வெறும் 2,500. மெஷின் எப்போது வாங்கலாம் என்பதற்கு இனி அவருக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை.

இருபது லிட்டரையும் சொந்தக்காரர்களுக்கு மட்டும் விற்க அனுமதிக்காதீர்கள். அத்தை முகத்துக்காக வாங்குவார். பாதிக்கு மேல் முன்பின் தெரியாதவர்களிடம் போக வேண்டும். ஐந்து வாரம் கழித்து எண்ணவேண்டியது ஒன்றுதான்: எத்தனை பேர் தாங்களாகவே போன் செய்து மறுபடி கேட்டார்கள்?

பொருள் இல்லாத தொழிலுக்கும் இதே வழிதான். கணக்கு எழுதித் தரும் சேவை என்றால் மூன்று கடைகளுக்கு ஒரு மாதம் எழுதிக் கொடுக்கட்டும், ஆனால் இலவசமாக வேண்டாம். 500 ரூபாயாவது வாங்கட்டும். காசு கொடுக்காதவர் குறை சொல்ல மாட்டார், குறை தெரியாமல் சேவையைச் சரிசெய்ய முடியாது. சாப்ட்வேர் என்றால் கோட் எழுதுவதற்கு முன் கையாலேயே அந்த வேலையைச் செய்து காட்டட்டும்.

படி 6: தொடர்வதா, மாற்றுவதா, வேலைக்குப் போவதா

தாளில் எழுதிய தேதி வந்ததும் கட்டாயம் உட்காருங்கள். தள்ளிப் போட்டால் அது இழுத்துக்கொண்டே போகும்.

மூன்றாவது பதில் வந்தால் அதைத் தோல்வியாகப் பேசாதீர்கள். எந்த வேலை என்பதை மட்டும் கவனித்துத் தேர்ந்தெடுக்க உதவுங்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தை 2010-இல் சென்னையில் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் அதற்கு முன் பல ஆண்டுகள் ஜோஹோவில் வேலை பார்த்தவர். வாடிக்கையாளர் சேவை மென்பொருள் எப்படி விற்கிறது, எங்கே இடிக்கிறது என்பதெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றது. 2021-இல் அந்த நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. செக்கு எண்ணெயில் ஆசை இருப்பவர் இரண்டு ஆண்டு ஓர் உணவுப்பொருள் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்துவிட்டு வரட்டும். டீலர் மார்ஜின், கடன் நாள், திரும்பி வரும் சரக்கு என எல்லாம் அடுத்தவர் செலவில் தெரிந்துகொள்ளலாம்.

வெற்றிக் கதை சொல்லும்போது காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் ஏத்தர் எனர்ஜியைத் தொடங்கினார்கள். அவர்களது மின்சார ஸ்கூட்டர் வாடிக்கையாளர் கைக்கு வந்தது 2018-இல். நடுவிலிருக்கும் ஐந்து ஆண்டுகளை மேடைப் பேச்சாளர்கள் ஏனோ விழுங்கிவிடுகிறார்கள்.

படி 7: கடனும் மானியமும், பதிவு செய்யும் முன்பே கேட்க வேண்டியவை

சோதனை விற்பனை ஓடி, பெரிதாக்கவேண்டும் என்ற கட்டம் வந்த பிறகுதான் இந்தப் படி. மானியத்திலிருந்து தொடங்கும் தொழில்கள் மானியத்துக்குத் தக்கபடி வளைந்துவிடும். தேவை ஐந்து லட்சம், ஆனால் திட்டத்தின் குறைந்தபட்ச வரம்பு பத்து லட்சம் என்பதற்காக மெஷினைப் பெரிதாக்குவார்கள். கடன் மட்டும் அசலானது என்பது முதல் தவணையில்தான் உறைக்கும்.

முதலில் போகவேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம், மாணவர்கள் சொல்லும் பெயரில் டிஐசி. முக்கியமான திட்டங்கள் இவை:

• நீட்ஸ் எனும் புதிய தொழில்முனைவோர் திட்டம், தமிழ்நாடு அரசுடையது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம். வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கும்.

• பிஎம்இஜிபி எனும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், மத்திய அரசுடையது. உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை. ஊர், விண்ணப்பிப்பவரின் பிரிவு ஆகியவற்றைப் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம்.

• அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், 2023-இல் வந்தது. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 35 சதவீத மானியம், 6 சதவீத வட்டிச் சலுகை.

• முத்ரா கடன். 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். இதில் மானியம் கிடையாது.

குறைந்தது 10 லட்சம் வரையான சிறுதொழில் கடனுக்கு வங்கி பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மேலாளர் கேட்டால் மரியாதையாக எடுத்துச் சொல்ல மாணவரைப் பழக்குங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிஎம்இஜிபி-யில் முதல் முறை மானியம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். ஏற்கெனவே தொழில் நடப்பதாகக் காகிதத்தில் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரலாம். அதனால் மெஷின் வாங்கும் முன், சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு போடும் முன், சோதனை விற்பனை நடந்ததையும் மறைக்காமல் சொல்லி, இந்தத் திட்டத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று தொழில் மையத்தில் கேட்டுவிட வேண்டும். இன்னொன்று: அந்த மானியம் கையில் பணமாக வராது. மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருந்துவிட்டுத்தான் கடனில் கழியும். அதை நம்பிச் சரக்கு வாங்க முடியாது.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஆடிட்டரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குவது வழக்கமாகிவிட்டது. வடிவம் அவரிடம் வாங்கலாம், எண்கள் மாணவருடையதாக இருக்கட்டும். நேர்காணலில் "மாதம் எவ்வளவு கரண்ட் பில் வரும்?" என்று கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் ஆடிட்டர் இல்லையே. எண்ணெய்க் கணக்கைத் தன் கையால் போட்டவருக்கு இந்த நேர்காணல் ஒரு பொருட்டாகவே இருக்காது.

படி 8: பதிவுகள்

சுருக்கமாகப் போதும். உத்யம் பதிவு ஆதார் எண்ணை வைத்து ஆன்லைனில் செய்வது, முற்றிலும் இலவசம். 2,000 கொடு என்று கேட்கும் இணையதளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். ஜிஎஸ்டி, தமிழ்நாட்டில் பொருள் விற்பனைக்கு ஆண்டு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் கட்டாயம். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் இந்த வரம்புக்குக் கீழே இருந்தாலும் கட்டாயம். ஆரம்பத்தில் தனிநபர் நிறுவனமாகவே இருக்கலாம், தனியாக ஒரு கரண்ட் அக்கவுண்ட் மட்டும் திறக்கட்டும். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் வேண்டும் என்றால் தனிநபர் நிறுவனம் செல்லாது, பங்குதாரர் நிறுவனமாகவோ எல்எல்பி எனும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையாகவோ பிரைவேட் லிமிடெட்டாகவோ மாற வேண்டும். நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்தால், ஒருவர் விலகினால் என்ன கணக்கு என்பதைச் சிரித்துப் பேசும் காலத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

படி 9: தொடங்கிய பிறகு ஓராண்டு

திறப்பு விழாவோடு வழிகாட்டியின் வேலை முடிவதில்லை. மாதம் ஒரு முறை அரை மணி நேரம் போதும். மூன்று எண்களை மட்டும் கேளுங்கள்: வங்கியில் இப்போது எவ்வளவு? வெளியில் நிலுவை எவ்வளவு? தனக்கென்று எவ்வளவு சம்பளம் எடுத்தார்? மூன்றாவதற்குப் பெரும்பாலும் பூஜ்யம் என்று பதில் வரும், அதைப் பெருமையாகவும் சொல்வார்கள். 3,000 ரூபாயாவது எடுக்கப் பழக்குங்கள். தன் உழைப்புக்குக் கூலி போடாத கணக்கில் நஷ்டமே தெரியாது.

நிலுவையில் பெரிய பகுதி தெரிந்தவர்களிடம்தான் நிற்கும். பெரியப்பாவிடம் பணம் கேட்பது எப்படி என்பதை எந்த எம்.பி.ஏ. வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. 'கம்பெனிக் கணக்கை முப்பதாம் தேதி வங்கியில் காட்டணும் பெரியப்பா' என்று சொல்லச் சொல்லுங்கள். பழியை வங்கி மேல் போட்டால் உறவு கெடாது.

நீங்கள் செய்யக்கூடாதவையும் உண்டு. மாணவரின் தொழிலில் பணம் போடாதீர்கள், பங்கு கேட்காதீர்கள், மெஷின் விற்பவரிடமோ ஆடிட்டரிடமோ கமிஷன் வாங்காதீர்கள். இதில் ஒன்று நடந்தாலும் அடுத்த பேட்ச் மாணவர்களுக்கு விஷயம் போய்விடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது.

படி 10: நிர்வாகத்துக்கு என்ன காட்டுவது

அட்மிஷன் நேரத்தில் பிளெக்ஸ் பேனரில் போட முதல்வர் பிளேஸ்மென்ட் சதவீதம் கேட்பார். தொழில் தொடங்கியவர் அந்தக் கணக்கில் வேலை கிடைக்காதவராகவே தெரிவார். ஆகவே தனியாக ஒரு பதிவேடு வையுங்கள்: எத்தனை பேர் சோதனை விற்பனை செய்தார்கள், எத்தனை பேருக்கு வாடிக்கையாளர் திரும்பி வந்தார், எத்தனை பேர் சோதனைக்குப் பின் வேலைக்குப் போனார்கள், ஓராண்டு கழித்தும் யார் தொழிலில் இருக்கிறார்கள். வேலைக்குப் போனவர்களின் போன் எண்களைப் பத்திரமாக வையுங்கள். நான்கைந்து ஆண்டு கழித்துக் கொஞ்சம் சேமிப்போடும் தொழிலறிவோடும் உங்களைத் தேடி வருபவர்கள் அவர்களில்தான் இருப்பார்கள். அப்போது மறுபடி படி 3-இலிருந்து தொடங்கினால் போதும்.